கனடாவில் படிக்கும்போது உடம்புக்கு வந்தால்: மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடு, எளிய விளக்கம்

கனடாவில் மருத்துவம் இலவசம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். யாருக்கு, எந்த மாகாணத்தில், எதற்கு என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். அங்கே பொதுமக்களுக்கான மருத்துவக் காப்பீட்டை நடத்துவது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 1984-இல் வந்த கனடா சுகாதாரச் சட்டம் பொதுவான நிபந்தனைகளை மட்டும் விதிக்கிறது. மாகாணக் காப்பீட்டுக்குள் வரும் ஒருவர் டாக்டரைப் பார்த்தாலோ, மருத்துவமனையில் அவசியமான சிகிச்சை பெற்றாலோ அவரிடம் பணம் கேட்கக் கூடாது. ஆனால் வெளியே மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை, பல் வைத்தியம், கண்ணாடி ஆகியவற்றை அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கனடாக்காரர்களிலேயே பலர் இவற்றுக்குத் தனியாகக் காப்பீடு வைத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

ஆகவே மாணவரின் காப்பீடு இரண்டு அடுக்காக இருக்கும். டாக்டர், மருத்துவமனை, பரிசோதனைச் செலவுகளுக்கு ஒன்று. இதை அடிப்படைக் காப்பீடு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து, பல், கண், பிசியோதெரபி போன்றவற்றுக்கு இன்னொன்று. உங்களிடம் இரண்டும் இருக்கிறதா, இரண்டையும் தருவது யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலோடு படுத்திருக்கும்போது தேடிக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை இது.

ஸ்டடி பெர்மிட்டுக்காகச் சென்னையிலோ கொழும்பிலோ எடுக்கும் மெடிக்கல் பரிசோதனையையும் காப்பீட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பரிசோதனை குடிவரவுத் துறைக்கானது. அதில் தேறியதால் கனடாவில் எந்தச் சிகிச்சைக்கும் உரிமை வந்துவிடாது.

மாகாணத்துக்கு மாகாணம் வேறு கணக்கு

நம் பிள்ளைகள் அதிகம் போவது ஒன்டாரியோவுக்கு. அங்கே மாகாணக் காப்பீட்டின் பெயர் ஓஹிப். வெளிநாட்டு மாணவர்களை அதிலிருந்து 1994-இலேயே நீக்கிவிட்டார்கள். அதற்கு மாற்றாகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் யூஹிப். ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் சேரும் வெளிநாட்டு மாணவருக்கு இது கட்டாயம். கட்டணம் பல்கலைக்கழகக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். 2023-24 கல்வியாண்டில் தனி ஒருவருக்கு 756 டாலர். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். டாக்டர், மருத்துவமனை, லேப் செலவுகள் இதில் அடங்கும். வெளியே வாங்கும் மருந்தும் பல் வைத்தியமும் அடங்காது. கணவனோ மனைவியோ குழந்தையோ கூட வந்தால், அவர்கள் வந்த 30 நாளுக்குள் அவர்களையும் சேர்த்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது, யூஹிப் பல்கலைக்கழகங்களுக்கானது. செனெகா, கொனெஸ்டோகா போன்ற கல்லூரிகளில் சேருபவருக்கு அது கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அதற்கான தொகையை ஃபீஸோடு வாங்கிக்கொள்ளும். யூஹிப் அட்டையை ஏற்றுப் பில்லை நேராகக் காப்பீட்டுக்கு அனுப்பும் கிளினிக், கல்லூரித் திட்டத்து அட்டையைக் காட்டினால் ‘முதலில் பணம் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லக்கூடும். அறைத்தோழர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் அவருடைய அனுபவத்தை வைத்து உங்கள் திட்டத்தை எடைபோடாதீர்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை வேறு. 6 மாதமோ அதற்கு மேலோ செல்லும் ஸ்டடி பெர்மிட் இருந்தால் எம்.எஸ்.பி. என்னும் மாகாணக் காப்பீட்டில் சேரலாம், சேரத்தான் வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு மாதம் 75 டாலர் என்று 2020 ஜனவரியில் கட்டணம் வைத்தார்கள். ஆனால் சேர்ந்த அன்றே அது நடைமுறைக்கு வராது. வந்து இறங்கிய மாதத்தின் மீதி நாட்கள், அதற்கு மேல் முழுதாக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 28-ஆம் தேதி வான்கூவரில் இறங்கியவருக்கு நவம்பர் 1 அன்று காப்பீடு தொடங்கும். செப்டம்பர் 2-ஆம் தேதி இறங்கியவருக்கு டிசம்பர் 1. ஐந்து நாள் தள்ளி வந்ததால் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. இந்த இடைவெளிக்கென்றே கல்லூரிகள் தற்காலிகத் தனியார் காப்பீடு வைத்திருக்கின்றன. அது தானாகச் சேர்க்கப்படுகிறதா, நாமே வாங்க வேண்டுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய வாரத்திலேயே எம்.எஸ்.பி.க்கு விண்ணப்பித்தும்விடுங்கள். இரண்டு மாதம் கழித்துத்தானே தொடங்கும், அப்போது பார்க்கலாம் என்று விட்டால், தற்காலிகக் காப்பீடு முடிந்த பிறகும் மாகாண அட்டை வராமல் நடுவில் மாட்டிக்கொள்ள நேரும்.

ஆல்பர்ட்டா மாணவர்களுக்குத் தாராளமானது. 12 மாதமோ அதற்கு மேலோ செல்லும் பெர்மிட் இருந்து, வந்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் வந்த நாளிலிருந்தே காப்பீடு, பிரீமியம் கிடையாது. சஸ்காச்சுவானிலும் மாகாணத் திட்டத்தில் சேரலாம். நியூ பிரன்ஸ்விக் 2018 முதல் முழுநேர வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதே 2018-இல் மானிட்டோபா நேர் எதிராக, வெளிநாட்டு மாணவர்களைத் தன் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. கியூபெக்கில் பிரான்ஸ், பெல்ஜியம் போன்று ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் மாணவர்களுக்குத்தான் மாகாணக் காப்பீடு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை, எனவே கல்வி நிறுவனத்தின் தனியார் திட்டம்தான். நோவா ஸ்கோஷியாவில் வந்து 13-ஆம் மாதத்தின் முதல் நாளிலிருந்து சேரலாம். அதற்குள் படிப்புக்காக அல்லாமல் தொடர்ந்து 31 நாளுக்கு மேல் மாகாணத்தை விட்டு வெளியே இருந்துவிட்டால் அந்தத் தகுதி பாதிக்கப்படும். கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்கு வர நினைப்பவர்கள் டிக்கெட் போடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ வளர்ந்து வேறு மாகாணத்தில் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முழுநேரம் படிக்கும் வரை சொந்த மாகாணத்து ஹெல்த் கார்டே செல்லும். டாக்டர்கள் ஒரு மாகாணத்து அட்டையை மற்ற மாகாணத்தில் ஏற்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. கியூபெக் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. ஓஹிப் அட்டையோடு மான்ட்ரியலில் படிக்கும் மாணவரிடம் டாக்டர் பணம் கேட்கலாம்; ரசீதை ஒன்டாரியோவுக்கு அனுப்பி, ஒன்டாரியோ நிர்ணயித்த தொகையை மட்டும் திரும்பப் பெறலாம். மீதி நம் கைச்செலவு. இந்த வித்தியாசத்தைக் கல்வி நிறுவனத்தின் மாணவர் திட்டம் ஏற்குமா என்று சேரும்போதே கேளுங்கள்.

இரண்டாம் அடுக்கு: மருந்து, பல், கண்

இதைப் பெரும்பாலும் மாணவர் சங்கம் நடத்தும். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று கணக்கிடும் திட்டங்கள்தான் அதிகம். ஃபீஸ் ரசீதில் ‘ஹெல்த் அண்ட் டென்டல்’ என்று ஒரு வரி இருக்கும்; அதுதான். வேறு காப்பீடு இருப்பதை நிரூபித்தால் இதிலிருந்து விலகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். இதை ஆப்ட்-அவுட் என்பார்கள். இதற்கான கெடு கல்வியாண்டின் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும், ஒரு நாள் தாண்டினாலும் ஏற்க மாட்டார்கள். நல்ல வேறு காப்பீடு இல்லாமல் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக விலகுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்ய நேர்ந்தால் போதும், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போய்விடும்.

இந்தத் திட்டம் எப்படிப் பணம் தருகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. டாக்டர் எழுதிய மருந்து 60 டாலர், திட்டம் 80 சதவீதம் ஏற்கிறது என்றால் 48 டாலர் காப்பீட்டு நிறுவனம் தரும், 12 டாலர் உங்களுடையது. மருந்துக் கடையில் அட்டையைக் காட்டினால் அந்த 12 டாலரை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்த 60-க்குள் மருந்தை எடுத்துத் தருவதற்கான கட்டணமும் இருக்கிறது, அது கடைக்குக் கடை மாறும். திட்டம் அதில் ஓரளவைத்தான் ஏற்கும் என்றால் மீதி உங்கள் தலையில். அதே மருந்து பிராண்ட் பெயர் இல்லாமல் மலிவாக, அதாவது ஜெனரிக்காக, கிடைக்கும்போது பிராண்ட் மருந்தைக் கேட்டு வாங்கினாலும் வித்தியாசத்தை நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். மாதாமாதம் மருந்து வாங்குபவர்கள் இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரிப்பது வீண் வேலை அல்ல.

பெற்றோர் கனடாவில் வேலை பார்த்து அவர்களுடைய கம்பெனி காப்பீட்டிலும் நீங்கள் இருந்தால், முழுநேர மாணவர் என்றால் பெரும்பாலும் 25 வயது வரை அதில் தொடரலாம். இரண்டு காப்பீடு இருக்கும்போது முதலில் மாணவர் திட்டத்துக்குக் கிளெய்ம், அதாவது செலவைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், அனுப்ப வேண்டும். மீதிக்குப் பெற்றோர் திட்டம். அப்பா, அம்மா இருவருக்கும் திட்டம் இருந்தால் ஆண்டில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடையது முதலில். ஒன்டாரியோவில் ஓஹிப் வைத்திருக்கும், 25 வயது நிரம்பாத, தனியார் மருந்துக் காப்பீடு இல்லாதவர்களுக்கு மாகாணமே பல மருந்துகளை இலவசமாகத் தருகிறது. மாணவர் சங்கத் திட்டம் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்பதால், ஓஹிப் உள்ளவர்கள் விலகுவதா வேண்டாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

பாலிசியைப் படிக்கும்போது

நாற்பது பக்கப் பாலிசியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. சில இடங்களை மட்டும் விடாமல் பாருங்கள். டிடக்டிபிள் என்றால் காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய முதல் தொகை. கோ-பே என்றால் ஒவ்வொரு முறையும் நம் பங்கு. உச்சவரம்பு ஆண்டுக்கா, ஒரு நோய்க்கா, ஒரு வருகைக்கா என்று பாருங்கள். மனநல ஆலோசனைக்கும் பிசியோதெரபிக்கும் மொத்தமாக ஒரு சிறு வரம்புதான் வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றிய பிரிவு. ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை போன்றவை ஏற்கெனவே இருந்தனவா என்று மாகாணக் காப்பீடு பார்ப்பதில்லை. தனியார் திட்டங்கள் பல பார்க்கும். ‘காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய இத்தனை நாட்களில் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த நாட்களுக்குள் மருந்தின் அளவை மாற்றியிருந்தால்கூட நிலையாக இல்லை என்று கணக்கில் எடுக்கலாம். கிளம்பும் முன் ஊர் டாக்டரிடம் போய் மருந்தை மாற்றிக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்ற வேண்டியிருந்தால் முன்கூட்டியே மாற்றி, நிலைப்பட்ட பிறகு கிளம்புவது நல்லது. நோயை மறைத்து வாங்குவது மட்டும் வேண்டாம். பிறகு பெரிய கிளெய்ம் வரும்போது பழைய ரெக்கார்டுகளைக் கேட்பார்கள்.

உடம்புக்கு வந்தால் எங்கே போவது

நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் எமர்ஜென்சி, இரவில் காய்ச்சல் வந்தாலும் எமர்ஜென்சி. கனடாவில் எமர்ஜென்சி வரிசை வந்த நேரப்படி நகராது. உள்ளே போனதும், யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் டிரியாஜ் நர்ஸ் 1 முதல் 5 வரை ஒரு நிலை கொடுப்பார். 1 என்றால் உயிர் போகும் நிலை, 5 என்றால் அவசரமில்லாதது. 5 வாங்கியவர் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பின் வந்த நாலு பேர் உள்ளே போவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் காத்திருக்கும்போது வலி கூடினாலோ மூச்சு திணறினாலோ நர்ஸிடம் போய்ச் சொல்லுங்கள், நிலையை மாற்றுவார்கள்.

சாதாரணக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் அரிப்பு என்றால் முதலில் கல்லூரி வளாகத்து கிளினிக். அங்கே மாணவர் காப்பீட்டைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. அது மூடியிருந்தால், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக். போகும் முன் போன் செய்து ‘என்னிடம் இந்தத் திட்டம் இருக்கிறது, நேரடியாக பில் அனுப்புவீர்களா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகலாமா வேண்டாமா என்றே தெரியவில்லை என்றால் பெரும்பாலான மாகாணங்களில் 811-ஐ அழைக்கலாம். எந்த நேரமும் ஒரு நர்ஸ் பேசுவார், அறிகுறிகளைக் கேட்டு எங்கே போகலாம் என்று சொல்வார். ஆங்கிலத்தில் வலியை விவரிக்கத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

மருந்துக் கடையை மறந்துவிடாதீர்கள். ஒன்டாரியோவில் 2023 ஜனவரி முதல் சில சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதித் தரலாம். கண் சிவத்தல், பெண்களுக்கு வரும் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று போன்றவை அதில் உண்டு. ஓஹிப் இல்லாதவர்களிடம் ஒரு கட்டணம் கேட்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அதே ஆண்டு ஜூனில் இது வந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் 911. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் உண்டு. ஒன்டாரியோவில் ஓஹிப் இருந்து அவசியமான பயணம் என்றால் 45 டாலர், இல்லாதவருக்கு 240. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எம்.எஸ்.பி. இருப்பவருக்கு 80 டாலர், இல்லாதவருக்கு அதைப் போல் பத்து மடங்குக்கு மேல். பல திட்டங்கள் இதைத் திரும்பத் தரும். பில்லுக்குப் பயந்து மயங்கிக் கிடக்கும் அறைத்தோழரை டாக்சியில் ஏற்றாதீர்கள். அந்தத் தொகையைப் பிறகு சமாளிக்கலாம்.

மனம் தாங்காத நேரங்களும் வரும். இருட்டும் குளிரும் தனிமையும் முதல் ஆண்டில் பலரை அழுத்தும். வளாகத்தில் கவுன்சலிங் சேவை இருக்கும், அதற்கான செலவைப் பெரும்பாலும் உங்கள் ஃபீஸிலேயே கட்டியிருப்பீர்கள். தற்கொலை எண்ணம் வந்தால், அல்லது நண்பருக்கு வந்திருக்குமோ என்ற பயம் இருந்தால் 988. கனடா முழுவதும் 2023 நவம்பர் இறுதியில் தொடங்கிய எண் இது. பகலிரவு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இதற்குக் காப்பீடு எதுவும் தேவையில்லை.

கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது

கிரெடிட் கார்டு சீட்டை மட்டும் அனுப்புவதுதான் முதல் காரணம். காப்பீட்டு நிறுவனத்துக்கு வேண்டியது கிளினிக்கின் முழு ரசீது: உங்கள் பெயர், தேதி, டாக்டர் பெயர், என்ன நோய், என்ன சேவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. கிளம்பும் முன் கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மசாஜ், பிசியோதெரபி போன்றவற்றுக்கு டாக்டர் சீட்டு முன்கூட்டியே வேண்டும் என்று சில திட்டங்கள் கேட்கும். பிறகு வாங்கிய சீட்டு செல்லாது.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் கனடாக் குடிவரவுத் துறை அதைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் போடும், முதற்பெயர் காலியாக இருக்கும். கல்லூரி அதே பெயரை இரண்டு இடத்திலும் போட்டிருக்கும். கிளினிக்கில் நீங்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பீர்கள். மூன்று ஆவணம், மூன்று ஆள். கல்லூரிப் பதிவிலும் காப்பீட்டு அட்டையிலும் ஸ்டடி பெர்மிட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே சரிபார்த்து, இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். கிளினிக்கில் அந்த அட்டையைக் காட்டி அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து எடுத்துப் போக வேண்டியவை

இந்திய, இலங்கை டாக்டர் எழுதிய சீட்டுக்குக் கனடா மருந்துக் கடையில் மருந்து தர மாட்டார்கள். நம் ஊரில் கடையில் கேட்டதும் கிடைக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அங்கே சீட்டு வேண்டும். தொடர்ந்து சாப்பிடும் மருந்தை 90 நாளுக்கு மேற்படாமல், அசல் அட்டைப் பெட்டியோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கட்டும், பிராண்ட் பெயர் அங்கே புரியாது. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரைகளுக்கு விதி இன்னும் இறுக்கம். அந்த 90 நாள் தீருமுன் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

நர்சிங், முதியோர் பராமரிப்பு, குழந்தைக் கல்வி போன்ற படிப்புகளுக்குச் சேருபவர்கள் தடுப்பூசிப் பதிவேட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அனுப்பும் முன் கல்லூரி அதைக் கேட்கும். அதோடு இரண்டு கட்டக் காசநோய்த் தோல் பரிசோதனையும் கேட்பது வழக்கம்: ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், பிறகு 1 முதல் 3 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. பிறந்ததும் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குச் சில சமயம் இது பாசிட்டிவ் காட்டும். அப்போது மார்பு எக்ஸ்-ரே கேட்பார்கள். மொத்தத்தில் ஒரு மாதம் பிடிக்கும் வேலை, காப்பீடும் பல நேரம் இதற்குப் பணம் தராது.

இடைவெளிகள்

பணம் பெரிதாகக் கரைவது காப்பீட்டில் ஓட்டை விழும் நாட்களில்தான். காப்பீடு இல்லாத வெளிநாட்டவருக்கு ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தாலே பல ஆயிரம் டாலர் ஆகும். கனடாவில் இறங்கும் தேதிக்கும் திட்டம் தொடங்கும் தேதிக்கும் இடையிலான நாட்களைப் பயணக் காப்பீட்டால் மூடுங்கள். வார இறுதியில் எல்லை தாண்டி அமெரிக்கா போகும்போது மாகாணக் காப்பீடு அந்நாட்டு பில்லில் சிறு பங்கைத்தான் ஏற்கும்; யூஹிப்பும் கனடாவுக்குள் கிடைக்கும் சிகிச்சைக்கானது. ஒரு நாள் பயணத்துக்கும் தனிக் காப்பீடு எடுங்கள். ஒரு செமஸ்டரை விட்டாலோ, பகுதிநேரத்துக்கு மாறினாலோ காப்பீடு தொடருமா என்று படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். மாகாண அட்டை ஸ்டடி பெர்மிட்டின் தேதியோடு கட்டப்பட்டிருக்கும் இடங்களில், பெர்மிட்டைப் புதுப்பித்ததும் நகலை மாகாண அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். தானாகப் போய்ச் சேராது.

படிப்பு முடிந்த பிறகு வரும் இடைவெளி இன்னும் நீளமானது. ஏப்ரலில் தேர்வு முடிந்தவருடைய மாணவர் காப்பீடு ஆகஸ்ட் 31-ஓடு, சில இடங்களில் அதற்கு முன்பே, நின்றுவிடும். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பார். அனுமதி கைக்கு வந்தாலும் ஒன்டாரியோவில் ஓஹிப் உடனே கிடைக்காது. ஒன்டாரியோவில் உள்ள ஒரு முதலாளியிடம் குறைந்தது 6 மாதத்துக்கு முழுநேர வேலை என்பதற்கு அவருடைய கடிதம் வேண்டும். இரண்டு இடத்தில் பகுதிநேரம் பார்ப்பவரால் அந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது. அந்த மாதங்களுக்குத் தனியார் காப்பீடு வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய காப்பீடு முடிவதற்கு முன்பே வாங்குங்கள். முடிந்த பிறகு வாங்கினால் நோய்க்குக் காத்திருப்பு நாட்கள் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே எச்.ஆரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். வேலையின் தொடக்கத் தேதி, முழுநேரம் என்ற சொல், 6 மாதத்துக்குக் குறையாத காலம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட், பெர்மிட், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு சர்வீஸ் ஒன்டாரியோ என்னும் மாகாண அரசுச் சேவை மையத்தின் கவுன்ட்டருக்குப் போகலாம்.